கருவி கீச்சிட்டதா? மழை பெய்ததா என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வந்த 'இயல்பைவிட ஒன்றரை மடங்கு கதிர்வீச்சு' என்ற செய்தியைக் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் படித்தேன். காலையில் கோபம் வந்தது. மாலையில்தான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. கையடக்கக் கருவியை நீட்டிக்கொண்டு நிற்கும் அன்பருக்குப் பின்னால் இரண்டு பேர் குடை பிடித்திருக்கிறார்கள். தரை பளபளக்கிறது. கருவித் திரையிலுள்ள எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்ட தங்கள் படப்பிரிவினர், அந்தக் குடைகளுக்கும் ஒரு வட்டம் போட்டிருக்கலாம்.

மழைக்கும் கதிர்வீச்சுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியத்தின் வம்சத்தில் வருவது ரேடான் வாயு. அது தரையிலிருந்து கசிந்து காற்றில் கலந்து, அங்கே சிதைந்து, ஈயம்-214, பிஸ்மத்-214 என்ற பிள்ளைகளைப் பெறுகிறது. இவை தூசியில் ஒட்டிக்கொண்டு மிதக்கின்றன. மழை வந்தால் அவ்வளவையும் கழுவிக் கொண்டுவந்து நம் காலடியில் கொட்டுகிறது. ஈயம்-214இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் நேரம், 27 நிமிடம், பிஸ்மத்-214க்கு 20 நிமிடம். மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் கருவி பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும். இத்தொழிலில் இருப்பவர்களுக்கு இது அன்றாடச் சங்கதி. வானொலி கேட்காமலே, வரைபடத்தைப் பார்த்து 'வெளியே தூறல் விழுகிறது' என்று சொல்லும் சகாக்கள் எனக்கு இருந்தார்கள்.

அன்று கருவி காட்டியது மழையைத்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. தங்கள் செய்தியைப் படித்தால் யாராலும் எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்பதுதான் என் குறை. 'நிமிடத்துக்கு 20 துடிப்புகள் காட்ட வேண்டிய கருவி 30 காட்டியது' என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நிமிடம் எண்ணினார்கள்? ஒரே ஒரு நிமிடமா? கதிரியக்கச் சிதைவு கடிகாரம் போல ஒழுங்காக நடப்பதில்லை, தாறுமாறாக நடப்பது. சராசரி 20 என்றால், அதன் வர்க்கமூலமான நாலரை அளவுக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டால், கதிர்வீச்சை விடும் எந்தப் பொருளும் (நாங்கள் அதை 'மூலம்' என்போம்) அருகில் இல்லாமலே, சுமார் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை 30 அல்லது அதற்கு மேல் வந்தே தீரும். அந்த அன்பர் ஒரு மணி நேரம் அங்கே நின்றிருந்தால், தலைப்பு தானாகவே கிடைத்திருக்கும்.

நான் யார் என்று சொல்ல வேண்டும். பழைய இரும்பை வாங்கி உருக்கும் ஆலை ஒன்றின் வாயிலில் 22 ஆண்டுகள் கதிர்வீச்சுக் கண்காணிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதுதான் என் அலுவலகம். வெளியே, பாதையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு பெட்டிகள். அவற்றுக்குள் பெரிய பிளாஸ்டிக் பலகைகள். காமா கதிர் பட்டால் அந்தப் பலகை கண்ணுக்குத் தெரியாத அளவில் மின்னும். அந்த மின்னலை ஒரு குழாய் பிடித்துப் பெருக்கி எண்ணும். வரும் லாரிகள் எல்லாம் இரண்டுக்கும் நடுவே, நடப்பதைவிடச் சற்றுக் கூடிய வேகத்தில் நுழைந்து வர வேண்டும். எந்த ஓட்டுநருக்கும் இது பிடிக்காது.

உருக்காலை வாயிலில் இது எதற்கு? 1983இல் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில் புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவி ஒன்று பழைய இரும்போடு இரும்பாகப் போனது. அதிலிருந்த கோபால்ட்-60 உலைக்குள் விழுந்து, கட்டடக் கம்பிகளாகவும் மேசைக் கால்களாகவும் வெளியே வந்தது. எப்படித் தெரிந்தது தெரியுமா? 1984 ஜனவரியில் அந்தக் கம்பிகளை ஏற்றிப்போன லாரி ஒன்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்கு அருகே வழி தவறித் திரும்பியது. அங்கிருந்த கருவி அலறியது. ஓட்டுநருக்கு வழி சரியாகத் தெரிந்திருந்தால், அந்தக் கம்பிகள் இன்னும் எத்தனை வீடுகளின் சுவருக்குள் போயிருக்குமோ. 1998 மே மாதம் ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் அருகே வேறோர் உருக்காலையில் சீசியம்-137 உலைக்குள் போயிற்று. கோபால்ட் உருக்கோடு கலந்து அதிலேயே தங்கிவிடும். சீசியம் அப்படியில்லை, ஆவியாகிப் புகைத்தூசியோடு வெளியேறும். அங்கே அது வெளியேறி, பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி நாடுகளின் காற்றுக் கண்காணிப்பு வடிகட்டிகளில் போய் உட்கார்ந்தது. 

ஆகவே என் வேலை ஒரே வரியில் அடங்கும்: இருபது டன் இரும்புக்குள் ஒரு விரல்நுனி அளவுப் பொருள் இருக்கிறதா என்று, அதைத் தொடாமல், பிரிக்காமல், சில விநாடிகளில் சொல்ல வேண்டும். இதில் கஷ்டமானது மூலத்தைக் காண்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் கஷ்டமானது, மூலம் இல்லாதபோது கருவி என்ன காட்ட வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பது.

ஏனென்றால் கருவி ஒருபோதும் பூச்சியம் காட்டுவதில்லை. பூமி, பாறை, செங்கல், சிமெண்ட், வானத்திலிருந்து வரும் அண்டக்கதிர், காற்றிலுள்ள ரேடான் எல்லாம் சேர்ந்து ஒரு மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுக்கின்றன. அதில் ஏறத்தாழப் பாதி ரேடானின் பங்கு. நம் உடம்பிலும் பொட்டாசியம்-40 இருக்கிறது. வளர்ந்த ஓர் ஆளுக்குள் விநாடிக்கு நாலாயிரம் அணுக்களுக்கு மேல் சிதைந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பின்னணி எங்கிருந்து வருகிறது என்ற குழப்பம் பழையது. தரையிலிருந்து விலகினால் குறைய வேண்டும் என்று எதிர்பார்த்து 1912இல் பலூனில் ஏறிய விக்டர் ஹெஸ், 5,000 மீட்டருக்கு மேல் வரை போய், உயரம் ஏற ஏற அது கூடுவதைக் கண்டார். அண்டக்கதிர் அகப்பட்டது அப்படித்தான். 1936இல் நோபல் பரிசும் வந்தது. அவர் ஒரு பரிசு வாங்கினார். நாங்கள் அதே பின்னணியோடு தினமும் மல்லுக்கட்டி மாதச் சம்பளம் வாங்கினோம்.

இனி நான் சொல்லப்போவது என் பணிக்காலத்தின் மூன்றாம் ஆண்டில் நடந்தது. அப்போது எங்கள் வாயில் கருவியில் ஒரே ஒரு எச்சரிக்கை வரம்புதான் வைத்திருந்தார்கள். வெறும் பாதையில் விநாடிக்கு 2,000 துடிப்புகள் வரும். அதன் வர்க்கமூலம் சுமார் 45. மூன்று மடங்கு ஆட்டத்துக்கு இடம் கொடுத்து 2,135இல் மணி அடிக்கும்படி அமைத்திருந்தார்கள். பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும்.

ஒரு நாள் பிற்பகல் கனமான இரும்பு ஏற்றிய லாரி ஒன்று உள்ளே போனது. மணி அடிக்கவில்லை. ஓட்டுநர் சீட்டை வாங்கிக்கொண்டு இறக்குமிடத்துக்குப் போய்விட்டார். நான் வழக்கப்படி வரைபடத்தை அச்சிட்டுக் கோப்பில் வைக்கப் போனேன். லாரி நுழையும்போது எண்ணிக்கை இறங்கும். இது எப்போதும் நடப்பது. இருபது டன் இரும்பு, தரையிலிருந்தும் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரும் இயற்கைக் கதிரை மறைத்துவிடுகிறது. 2,000 இருந்தது 1,600 ஆகும். வண்டி வெளியேறியதும் மறுபடி 2,000. வரைபடத்தில் அது ஒரு கிண்ணம் போல இருக்கும். அன்றைய கிண்ணத்தின் அடியில், பின்பக்கமாக, ஒரு சின்னப் புடைப்பு இருந்தது. உச்சி 1,850.

1,850 என்பது பின்னணியைவிடக் குறைவு. மணி அடிக்காததில் கருவியின் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடத்தில் இருக்க வேண்டியது 1,600. அதன் வர்க்கமூலம் 40, கூடுதலாக 250. ஆறு மடங்குக்கும் மேல். இது ஆட்டம் இல்லை.

ஓடினேன். எனக்கு அப்போது ஓட முடியும். கிரேன் ஓட்டுநர் கொக்கியை இறக்கிவிட்டிருந்தார். கையை ஆட்டி நிறுத்தினேன். கையில் கொண்டுபோன சோடியம் அயோடைடு படிகக் கருவியை லாரியின் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தியபோது, பின்சக்கரத்துக்கு மேலே எண் ஏறியது. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் இவ்வளவு என்றால் இரண்டு மீட்டரில் நாலில் ஒன்று. அந்தக் கணக்கை வைத்தே உள்ளே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். பிறகு படிகத்தை அசையாமல் வைத்து ஐந்து நிமிடம் நிறமாலை, அதாவது எந்த ஆற்றலில் எத்தனை கதிர் வருகிறது என்ற வரைபடம், எடுத்தேன். 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு குன்று. சீசியம்-137. எல்லோரையும் விலக்கி, கயிறு கட்டி, உரிமம் உள்ள கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியை வரவழைத்தோம். உள்ளேயிருந்து வந்தது, ஏதோ ஒரு தொழிற்சாலையின் தொட்டியில் மட்டம் அளக்கப் பயன்பட்ட பழைய மானியின் தலை. பூசணி அளவுதான் இருக்கும், ஒரு ஆளால் தூக்க முடியவில்லை, முழுக்க ஈயம். அதன் மூடி பாதி திறந்திருந்தது. எச்சரிக்கைச் சின்னத்தின் மேல் யாரோ பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள்.

அன்று மட்டும் நான் 'எவ்வளவு' என்ற ஒரு கேள்வியோடு நின்றிருந்தால், அது உலைக்குள் போயிருக்கும். அதனால்தான் 'இயல்பைவிடக் கூடுதல்' என்ற சொற்களைக் கண்டால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது. எந்த இயல்பு? எந்த இடத்தின், எந்த நேரத்தின், முன்னால் என்ன நிற்கும்போது உள்ள இயல்பு? பிறகு வந்த மென்பொருள்கள் லாரியால் ஏற்படும் இறக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, வடிவத்தைப் பார்க்கின்றன. ஆனாலும் வண்டி வேகமாகப் போனால் எல்லாம் பாழ். நேரம் பாதியானால் மூலத்தின் துடிப்புகளும் பாதியாகும். பின்னணியின் ஆட்டமோ பாதியாகாது, முப்பது விழுக்காடுதான் குறையும். ஓட்டுநர்களிடம் இதை எத்தனை விதமாகச் சொல்லியும் பயனில்லை. கடைசியில் வேகத்தடை போட்டோம்.

அடுத்தது, 'என்ன' என்ற கேள்வி. காமா கதிரை விடும் ஒவ்வொரு கதிரியக்க அணுவகையும் தனக்கென்று உள்ள ஆற்றலில்தான் அதை விடுகிறது. இனி வரும் எண்கள் எல்லாம் கிலோ எலக்ட்ரான் வோல்ட். பொட்டாசியம்-40 என்றால் 1,460. தோரியம் வம்சத்தின் தாலியம்-208 என்றால் 2,614. கோபால்ட்-60 இரட்டையாக வரும்: 1,173, 1,332. நிறமாலையைப் பார்த்தால் இயற்கையா, மனிதன் செய்ததா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பெரும்பாலும் என்றேன். மழையில் வரும் பிஸ்மத்-214க்கு 609இல் ஒரு முகடு உண்டு. சீசியத்தின் 662க்கு அது அடுத்த வீடு. சோடியம் அயோடைடு படிகத்தால் அந்தப் பகுதியில் ஏழு விழுக்காடு அளவுக்குத்தான், அதாவது சுமார் 46 வரை, பிரித்துப் பார்க்க முடியும். இரண்டும் தோளோடு தோள் உரசி நிற்கும். ஈர நாளில், அவசரத்தில், பலவீனமான சீசியத்தை மழை என்றும் மழையைச் சீசியம் என்றும் சொல்லிவிடுவது எளிது. இரண்டாவதை நானே ஒரு தடவை செய்து ஒரு லாரியை நாலு மணி நேரம் நிறுத்திவைத்திருக்கிறேன். ஜெர்மானியம் உணர்கருவியில் இரண்டும் ஊசிபோலத் தனித்தனியாக நிற்கும். ஆனால் அதைக் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும், விலையும் அதிகம், வாயிலில் நாலு பக்கமும் நிறுத்துவதற்கில்லை.

பிளாஸ்டிக் பலகைக்கோ முகடே தெரியாது. அது எண்ணத்தான் தெரிந்த குருட்டுக் காவல்காரன். ஆகவே பீங்கான் ஓடு ஏற்றிய லாரிக்கும் அடிக்கும், பொட்டாஷ் உரத்துக்கும் அடிக்கும், கருங்கல் பலகைக்கும் அடிக்கும், பழைய காஸ் விளக்கின் தோரியம் கலந்த வலைக்கும் அடிக்கும். மனிதருக்கும் அடிக்கும். ஒரு நாள் மணி அடித்தபோது புடைப்பு வண்டியின் மூக்கில் இருந்தது. சரக்கு இன்னும் பலகைக்கு முன்னால் வரவேயில்லை. என் சகா ஒருவர், பத்துப் பேர் கேட்க, 'யாரப்பா உள்ளே, இறங்கு!' என்று சத்தம் போட்டார். இறங்கியவர் உதவியாளர். முகம் வெளிறிவிட்டது. தைராய்டு சிகிச்சைக்காக அயோடின்-131 சாப்பிட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். படிகத்தை வைத்துப் பார்த்தோம்: 364. சொன்னது சரி. எட்டு நாள் அரை ஆயுள் உள்ள சரக்கு. கொஞ்ச நாளில் தானே அடங்கிவிடும். ஆனால் அந்த வாசலில் அவர் பட்ட வெட்கம்? அதன்பிறகு, புடைப்பு முன்பக்கம் இருந்தால் கூண்டுக்குள் அழைத்து, கதவைச் சாத்தி, 'ஐயா, அண்மையில் மருத்துவமனையில் ஏதாவது பரிசோதனை நடந்ததா?' என்று கேட்பதை வழக்கமாக்கினோம். விதிப்புத்தகத்தில் இந்த வரி இல்லை.

மணி அதிகமாக அடித்தால் என்ன, எச்சரிக்கை நல்லதுதானே என்பார்கள். வரம்பைப் பின்னணிக்கு மேல் மூன்று மடங்கு ஆட்டத்தில் வைத்து விநாடிக்கு ஒரு தடவை பார்த்தால், லாரியே இல்லாத வெறும் பாதையில் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பொய் மணி. ஐந்து மடங்குக்கு உயர்த்தினால் நாற்பது நாளைக்கு ஒன்று. ஆனால் பலவீனமான மூலங்கள் தலை நிமிர்ந்து உள்ளே போகும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதைக் கணக்கு சொல்லாது, மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். பொய் மணி மிகுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஓர் இரவுப்பணி முடிந்து காலையில் போனபோது, மணியின் வாயில் துணி அடைத்திருந்தது. காவலரைத் திட்டினேன். பிறகு அவர் இடத்தில் ஓர் இரவு உட்கார்ந்து பார்த்தேன். திட்டியதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியைப் பழைய இரும்புக்காக உடைத்ததில் சீசியம்-137 ஊருக்குள் பரவியது. என்ன நடக்கிறது என்று பார்க்க ஓர் இயற்பியலாளர், யுரேனியத் தாது தேடப் பயன்படும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போனார். அதை இயக்கியதும், எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் கடைசிக்கே போய் நின்றது. கருவி பழுது என்று எண்ணி, வேறொன்று எடுத்துவரத் திரும்பிப் போனார். இரண்டாவதும் அதையே காட்டியது. நாலு பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்து 12 ஆயிரம் பேரைப் பரிசோதித்ததில் 249 பேர் மேல் கதிரியக்கம் ஒட்டியிருந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்தால் எனக்கும் கருவிமேல்தான் சந்தேகம் வந்திருக்கும். அவர் மறுபடியும் அளந்தார். அதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

பின்னணியை வென்று சின்னப் பொருளைக் கண்டதும் உண்டு. 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் மேற்கே, லாரியிலிருந்து ஒரு சீசியம்-137 குப்பி விழுந்தது. 8 மில்லிமீட்டர் உயரம், 6 மில்லிமீட்டர் விட்டம். தேட வேண்டிய சாலை 1,400 கிலோமீட்டர். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டியிலிருந்த கருவி அதைச் சாலையோரம், இரண்டு மீட்டர் தள்ளிக் கண்டுபிடித்தது. பிப்ரவரி 1ஆம் தேதி. ஒழுங்கான பின்னணி, வலுவான மூலம், நல்ல படிகம், அனுபவமுள்ள ஆட்கள் நாலும் சேர்ந்ததன் பயன் அது. கையடக்கக் கருவியோடு நிற்கும் நம் அன்பரிடம் இவற்றில் எது இருந்தது?

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தங்கள் செய்தியின் கடைசிப் பத்தியில் 'இயற்கைக் கதிர்வீச்சு தீங்கற்றது, செயற்கையானதே ஆபத்து' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. காமா கதிருக்குத் தன் பிறந்த ஊர் தெரியாது. அளவு ஒன்றானால் உடம்புக்குப் பாதிப்பும் ஒன்றுதான். நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் ரேடான் முழுக்க இயற்கையானது. செயற்கை மூலத்தை நாங்கள் தேடுவது அது செயற்கை என்பதற்காக அன்று. ஒரு சிறு குப்பிக்குள் அவ்வளவு வீரியத்தை அடைத்து வைத்திருப்பதற்காக. போதாக்குறைக்கு, 1950களிலும் 60களிலும் வானில் வெடித்த அணுகுண்டுகளின் சீசியம், உழாத மண்ணில் இன்னும் கிடக்கிறது. நீண்ட நேரம் எண்ணினால் 662இல் அதன் நிழல் தெரியும். அதையும் நாங்கள் பின்னணி என்றுதான் எழுதுகிறோம்.

செய்தி போட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. எச்சரிக்கை தரும் செய்தி ஒருநாள் உண்மையாகவே இருக்கும். 1986 ஏப்ரல் 28ஆம் தேதி காலை, ஸ்வீடனின் போர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியர் ஒருவரின் காலணி மணியை அடிக்க வைத்தபோது, தங்கள் உலையில் கசிவு என்றே முதலில் நினைத்தார்கள். வந்தது செர்னோபிலிலிருந்து. அவர்கள் அந்த மணியை அலட்சியம் செய்யவுமில்லை, முதலில் தோன்றிய விளக்கத்தோடு நின்றுவிடவுமில்லை.

என்னிடமும் ஒரு கையடக்கக் கருவி இருக்கிறது. செய்தியைப் படித்த அன்று இரவு அதை மேசைமேல் வைத்து நிமிடம் நிமிடமாக எழுதினேன்: 17, 23, 19, 20, 14, 26, 21. வாசகர்களுக்கு வேண்டியது இத்தகைய ஒரு வரிசை. படத்திலிருந்த அன்பர் தரை காய்ந்த பிறகு அதே இடத்தில் மறுபடி அளந்தாரா? அளந்திருந்தால் எத்தனை நிமிடம், என்ன எண்? அதை வெளியிடுங்கள். முதல் செய்திக்குக் கொடுத்த அளவு இடம் வேண்டாம். வானிலைப் பெட்டிக்குக் கீழே ஒரு மூலை கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கதிர்வீச்சுக் கண்காணிப்பாளர், தங்கள் நெடுநாள் வாசகர்